சண்முகம் காரின் மஞ்சள் விளக்கு

ஜூன் 6, வியாழன்

காலையிலிருந்தே மேல்காற்று. ஷெட்டின் தகரம் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணெல்லாம் மண்.

இன்று முடிந்தவை:
வெள்ளை வேன், செல்ஃப் எடுக்காதது. பேட்டரி எர்த் ஒயரில் துரு. சரி.
பள்ளிக்கூட வேன், ஹாரன். சரி.
மல்லசமுத்திரம் பக்கம் கோழிப்பண்ணை சண்முகம், கார். வீட்டுக்கே போய்ப் பார்த்தது.

சண்முகம் ஆறேழு வருட வாடிக்கை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் 'பாய்' என்று வாய்நிறையக் கூப்பிட்டுப் பேசுவார். டேஷ்போர்டில் மூன்று மஞ்சள் விளக்குகள்: ஏபிஎஸ், டிராக்‌ஷன், ஸ்டெபிலிட்டி. விளக்கு எரிந்த நாளிலிருந்து, பன்னிரண்டு நாளாக, வண்டியைத் தொடவே இல்லையாம். எப்போதும் அப்படித்தான். டீசல் விளக்கு எரிந்தாலே ஓரங்கட்டுகிற ஆள்.

ஸ்கேனர் போட்டதில் எரர் எண் சி-0045. பின் இடது சக்கரத்தின் வேக சென்சார், ஒயர் தொடர்பு இல்லை. படுத்துப் பார்த்தால் எலி கடித்த இடம், பல் தடத்தோடு. தீவன மூட்டை இருக்கும் இடத்தில் எலிக்கு என்ன பஞ்சம். பற்றவைத்து, உறை போட்டு, எரரை அழித்தேன். மூன்று விளக்கும் அணைந்தன.

அவர் மனைவி தனலட்சுமிதான் டார்ச் பிடித்தார். இத்தனை மெல்லிய ஒயர் அறுந்ததற்கா மூன்று விளக்கு என்று கேட்டார். விளக்கமாகச் சொன்னேன். நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு சென்சார், எந்தச் சக்கரம் எவ்வளவு வேகம் என்று வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லும், ஒன்று சொல்லாவிட்டாலும் பெட்டி வேலையை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடும், வண்டி ஓடும், ஆனால் வழுக்கினால் பிடிக்காது. மற்ற சக்கரங்களில் அந்த ஒயர் எங்கே வருகிறது என்று கேட்டார். அதையும் காட்டினேன். இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறவர்கள் குறைவு. எனக்குச் சொல்லப் பிடித்திருந்தது.

சண்முகம் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருக்கிறார். சரியாகிவிட்டது என்றதும் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆல்டர்னேட்டர் பெல்ட் நாளை வரும். மனைவி ஷமீமாவுக்குக் கண் சொட்டு மருந்து, மறக்கக் கூடாது.

ஜூன் 13, வியாழன்

காற்று குறையவில்லை. மழை பேச்சே இல்லை.

சண்முகத்தின் கார் மறுபடி. அவர் ஓட்டவில்லை. தம்பி முருகேசன் ஓட்டிவந்து ஷெட்டில் விட்டார். அதே மூன்று விளக்குகள்.

எரர் வேறு. சி-0050. பின் வலது.

ஒரே வாரத்தில் எதிர்ப்பக்கமா என்று யோசனை. ஒயர் அறுந்துதான் இருந்தது. ஆனால் பல் தடம் இல்லை. செம்பு இழைகள் எல்லாம் ஒரே நீளம். கல் தெறித்தால் நசுங்கும், உராய்ந்தால் தேயும். இது இரண்டும் இல்லை.

முருகேசனிடம் எலிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நிச்சயம் தெரியாதபோது வேறு என்ன சொல்வது. நான்கு ஒயருக்கும் சுருள் குழாய் போட்டுக் கட்டினேன். இனி எலி வாய் வைக்காது.

மாலை ஷமீமாவோடு கண் டாக்டர். சொட்டு மருந்து இன்னும் ஒரு மாதம்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். கடை இல்லை. தொழுகை முடிந்து வரும்போதே வெயில் சுட்டது. ஷமீமாவின் அண்ணன் குடும்பம் சேலத்திலிருந்து வந்திருந்தது. வீடு நிறையச் சத்தம்.

பதினொரு மணிக்கு சண்முகம் போன் செய்து வாழ்த்து சொன்னார். ஒவ்வொரு வருடமும் சொல்கிறவர்தான். இந்த முறை வாழ்த்து சொன்ன பிறகும் போனை வைக்கவில்லை. ஊட்டுக்கு எல்லாரும் வந்துட்டாங்களா என்றார். வந்திருக்கிறார்கள் என்றேன். நல்லா இருங்க பாய் என்றார். அப்போதும் லைனில் இருந்தார். இங்கே பிள்ளைகள் கத்தல். அப்புறம் பேசுகிறேன் என்று நான்தான் வைத்தேன்.

திரும்ப அழைக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

சண்முகம் கார், மூன்றாம் முறை. சி-0035, முன் இடது.

சுருள் குழாய் நீளவாட்டில் கிழிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஒயர் இரண்டு இடத்தில் வெட்டு. எலியும் இல்லை, கல்லும் இல்லை. மனிதக் கை. கத்திரியோ பிளேடோ.

எரிச்சல். என் வேலையில் குறை என்றுதானே ஊரில் பேசுவார்கள். சண்முகத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் யாருக்காவது உங்கள் மேல் கோபமா என்று கேட்டேன்.

"எம்மேல யாருக்குங்க கோவம்" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. ஆச்சரியப்படவில்லை, ஆத்திரப்படவும் இல்லை. "மெதுவாப் பாருங்க பாய், அவசரமில்ல."

வண்டியை ஷெட்டிலேயே வைத்துக்கொண்டேன். நான்கு ஒயரையும் புதிதாக, கை எட்டாத வழியில், மேலே கொண்டுபோய், தகடு மூடி போட முடிவு. இனி யார் அறுக்கிறார்கள் பார்க்கலாம்.

ஜூன் 21, வெள்ளி

ஜும்ஆவுக்குக் கிளம்பும் நேரம் தனலட்சுமியின் போன். குரல் மிகத் தாழ்ந்து. வண்டியைப் பத்து நாள் ஷெட்டிலேயே வைத்திருக்க வேண்டுமாம். அவர் கேட்டால் பொருள் வரவில்லை என்று சொல்ல வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன்.

"வேண்டாமுங்ணா. கேக்காதீங்க."

பின்னால் யாரோ வரும் சத்தம், போன் கட்.

புருஷன் பெண்டாட்டி சண்டை, அல்லது எங்கோ போகாமல் தடுக்க ஏதோ ஏற்பாடு என்று நினைத்தேன். ஷமீமாவிடம் சொன்னேன். ஒரு பொம்பளை வெளி ஆம்பளையிடம் காரணமில்லாமல் இப்படிக் கேட்க மாட்டாள், வைத்திருங்கள் என்றாள். சரி என்றேன்.

ஒயர் வேலை பாதி முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

கார் வேலை சனிக்கிழமையே முடிந்துவிட்டது. துடைத்து ஓரமாக நிறுத்தியிருந்தேன்.

இன்று காலை பத்து மணிக்கு சண்முகமே வந்தார். பஸ்ஸில். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை. பல மாதத்தில் இவ்வளவு தெளிவாக அவரைப் பார்த்ததில்லை. உடம்பு தேறிவிட்டது என்று எனக்கு மகிழ்ச்சிகூட.

ரெடியா பாய் என்றார்.

தனலட்சுமி சொன்னது நினைவில் இருந்தது. பொருள் வரவில்லை என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஆனால் கார் அவர் கண் முன்னால் பளபளவென்று நிற்கிறது. முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. அது மட்டும் இல்லை. இங்கே எனக்கு நானே மறைத்து என்ன ஆகப் போகிறது. நான் செய்திருந்த வேலையை அவரிடம் காட்ட ஆசை. அதனால் ரெடி என்றேன்.

இருவரும் ஓட்டிப் பார்க்கப் போனோம். லாரி நிறுத்தும் காலி மைதானம், மண் தரை. வேகமெடுத்து ஸ்டீரிங்கை ஒடித்தேன். ஸ்டெபிலிட்டி விளக்கு மினுக்கியது, சக்கரங்களைத் தனித்தனியே பிடித்து வண்டியை நேராக்கியது. பார்த்தீர்களா என்றேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"வண்டி தன்னால புடிச்சுக்குமுங்களா?"

"வழுக்குனாப் புடிச்சுக்குமுங்க. மத்தபடி நாம திருப்பற பக்கந்தான் போகும்."

"அப்படிங்களா" என்றார்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ரொம்ப சிரமம் குடுத்துட்டனுங்க என்றார். பெல்ட் போட்டுக்கொண்டு கிளம்பினார். கை காட்டினார்.

தனலட்சுமிக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். அடுத்த வண்டி வந்துவிட்டது.

ஜூன் 25, செவ்வாய்

சண்முகம் போய்விட்டார். காலை ஆறு மணிக்கு, பைபாஸ் பாலத்துச் சுவரில். தனியாக. அதே கார்.

கடையைத் திறந்து, பூட்டி, மறுபடி திறந்தேன். எதுவும் ஓடவில்லை.

ஜூன் 26, புதன்

எடுப்பதற்கு முன் போய்ச் சேர்ந்தேன். மாலையை வாசலிலேயே முருகேசன் தடுத்துவிட்டார். அத்தனை பேர் முன்னால். மூன்று முறை உன்னிடம் வந்த வண்டி, எலி என்றாய், முந்தாநாள் சரியாகிவிட்டது என்று கையில் கொடுத்து அனுப்பினாய் என்றார். ஒவ்வொன்றும் உண்மை. "எங்கண்ணன நீ கொன்னுட்ட" என்றார். வாங்க போங்க என்று மட்டுமே என்னிடம் பேசியிருக்கிற மனிதர்.

மாலையை வண்டி சீட்டில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஷமீமா ஒன்றும் கேட்கவில்லை. வைத்திருங்கள் என்று சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தூங்கும்போதும் எழுந்தபோதும் ஒரே கேள்வி. எங்கே தப்பு விட்டேன். மேலே கொண்டுபோன ஒயர் தளர்ந்து டயரில் மாட்டியிருக்குமா. கிளிப் ஒன்று குறைவாகப் போட்டேனா. முன் வலது பக்கம் இரண்டு கிளிப் போட்ட நினைவு. நினைவுதான், நிச்சயம் இல்லை.

ஜூன் 27, வியாழன்

இரண்டு வண்டிகளை வேலை பாதியில் இருக்கவே எடுத்துப் போய்விட்டார்கள். ஒருவர் காரணம் சொன்னார், ஒருவர் சொல்லவில்லை. பக்கத்து டயர் கடைக்காரர் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். பேச்சு மழையைப் பற்றி.

ஸ்டேஷனிலிருந்து போன். நாளை காலை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கிறார், ஸ்கேனரோடு வா என்று. அவரிடம் மெஷின் இல்லையாம்.

ஜூன் 28, வெள்ளி

ஸ்டேஷன் பின்பக்கம், புங்கமர நிழலில் கார். முன்பக்கம் இல்லை. ஓட்டுநர் இருக்கையை நான் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, நான். ஒவ்வொரு சக்கரமாக முதலில் ஒயர். முன் இடது சக்கரம் பிய்ந்து கிடந்தது, அதன் ஒயர் அடியோடு பிடுங்கப்பட்டிருந்தது. மற்ற மூன்றும் நான் கட்டியது கட்டியபடி. முன் வலதில் இரண்டு கிளிப். அந்த இரண்டு கிளிப்பைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அந்த மரத்தடியில், அந்த வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு. எழுதவே கூசுகிறது.

என் பேட்டரியை வைத்து ஸ்கேனரைப் போட்டேன். நேரம் எடுத்தது. நிறைய எரர்கள். ஆனால் எல்லாம் மோதல் நேரத்தவை. நான் வண்டியைக் கொடுத்த பிறகு, மோதல் வரை, வேறு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஸ்டெபிலிட்டி கடைசிவரை வேலை செய்திருக்கிறது.

எரர் பதிவாகும் நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதையும் அந்தப் பெட்டி சேர்த்தே வைத்திருக்கும். முதல் எரரின் பக்கத்தைத் திறந்தேன்.

பிரேக்: மிதிக்கப்படவில்லை.
ஆக்ஸிலரேட்டர்: முழுவதும்.
ஸ்டீரிங்: இடப்பக்கம், சீராக. உதறல் இல்லை.

மூன்று முறை படித்தேன். ஏட்டு பெல்ட்டைப் பற்றிச் சொன்னார். போடவில்லையாம். அன்று என் ஷெட்டிலிருந்து தெருவைத் தாண்டுவதற்குள் பெல்ட் போட்ட மனிதர்.

என்ன சொல்லுதுங்க மெஷின் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். படித்துப் பார்த்து எழுதித் தருகிறேன், இரண்டு மூன்று நாள் வேண்டும் என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்கேனர் ஒயரைச் சுருட்டினேன். தன் வேலை மாட்டிக்கொண்டது என்று பயப்படுகிறான் என நினைத்திருப்பார்.

ஜூன் 29, சனி

அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். இதை நாலு பேரிடம் காட்டினால் என் பேர் இன்றே சுத்தமாகிவிடும். முருகேசன் வாய் மூடும். போன வண்டிகள் திரும்பும்.

காட்டினால், கோழிப்பண்ணை சண்முகம் எப்படிச் செத்தார் என்பதுதான் அந்த ஊரின் பேச்சாக இருக்கும். அந்தப் பெண் ஆயுசு முழுக்க அதன் நடுவில் நடக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் பிடிபட்டது. டார்ச் பிடித்தது யார். மற்ற சக்கரங்களில் ஒயர் எங்கே என்று கேட்டது யார். விளக்கு எரிந்தால் அவர் வண்டியைத் தொடமாட்டார் என்று எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் யார்.

தட்டைத் தள்ளி வைத்தேன். ஷமீமாவிடம் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 1, திங்கள்

வெயில். காற்று நின்றுவிட்டது.

காலையில் தனலட்சுமியின் போன். வீட்டுக்கு வர முடியுமா என்று. போனேன். பந்தலில் முருகேசனும் ஏழெட்டு உறவினர்களும். முருகேசன் எழுந்தார். உள்ளேயிருந்து தனலட்சுமி, நான்தான் வரச்சொன்னேன் என்றார். முருகேசன் உட்கார்ந்தார்.

தனலட்சுமி உடனிருந்த பெண்களை வெளியே அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். அழுகை இல்லை. குரல் உலர்ந்திருந்தது.

"பிரேக் மிதிச்சாருங்களா?"

பொய் சொல்ல ஒரு கணம் நினைத்தேன். போன திங்கட்கிழமை அவரிடம் சொல்ல முடியாத பொய்யை இப்போது சொல்லி என்ன பயன்.

"இல்லைங்க."

தலையாட்டினார். எதிர்பார்த்தது போலத்தான். பிறகு அவரே சொன்னார். தைப்பூசத்தன்று பொழுது சாயும் நேரம் சண்முகம் காரைக் கொண்டுபோய்ப் பெரிய கிணற்று மேட்டில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாராம். இவர் ஓடிப்போய் அழைத்துவந்தாராம். சேலத்தில் டாக்டர், மாத்திரை, இரண்டு மாதம். அப்புறம் மாத்திரையை விட்டுவிட்டார். என்ன கஷ்டம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. பண்ணையில் குறையில்லை, வீட்டில் குறையில்லை, ஆனா எல்லாம் தூரமா இருக்குது என்று மட்டும் ஒருமுறை சொன்னாராம். மாமியாருக்கோ முருகேசனுக்கோ எதுவும் தெரியாது. பைத்தியம் என்று பேர் வந்துவிடும் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை.

"எலி கடிச்சு வெளக்கு எரிஞ்சப்ப, பன்னெண்டு நாள் வண்டியத் தொடலீங்ணா. அந்தப் பன்னெண்டு நாளுந்தான் நான் தூங்குனேன். நீங்க வந்து சரி பண்ணிட்டீங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் நானே அறுத்தேன். நீங்க காட்டுன எடம்தான். தையல் கத்திரியில."

ஒவ்வொரு முறையும் நான் சரி செய்தேன். ஒவ்வொரு முறையும் முன்னைவிட உறுதியாக. கடைசியில் அவர் கை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோனேன். இதை அவர் சொல்லவில்லை. நான் என் மனதில் சொல்லிக்கொண்டேன்.

போனில் என்னிடம் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும் என்றேன். மாமியாரின் இருமல் கேட்டது.

மெஷின் காட்டியதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, என் வேலையில் குறை என்றே ஊர் நினைக்கட்டும் என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன். சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து பந்தலுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"தம்பி, பாய் மேல ஒரு தப்பும் இல்ல. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. மொதத் தடவதான் எலி, அப்பறம் ரெண்டு தடவையும் ஒயர அறுத்தது நானு. உங்கண்ணன் எடுக்கக் கூடாதுன்னு அறுத்தேன்."

முருகேசன் அண்ணியின் முகத்தையே பார்த்தார். எதற்கு என்று கேட்க வாய் திறந்தவர் கேட்கவில்லை. புரிந்துவிட்டது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். ஒரு கிழவர் எழுந்து வெளியே போனார். மாமியார் உள்ளேயிருந்து என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தனலட்சுமி திரும்பி உள்ளே போய்விட்டார். நான் செருப்பைத் தேடினேன்.

ஜூலை 2, செவ்வாய்

ஷமீமா கேட்டதற்கு நடந்ததைச் சொன்னேன். அந்த வீட்டில் இனி அந்தப் பெண்ணோடு யார் பேசுவார்கள் என்றாள். நாற்பதாம் நாள் கழித்துத் தானே ஒருமுறை போய்ப் பார்க்கப் போவதாகவும் சொன்னாள். நம் கணக்கில் சொல்கிறாய், அவர்களுக்குப் பதினாறு என்றேன். பதினாறு என்றால் பதினாறு என்றாள்.

வேலை ஒன்றுமில்லை. டூல் பெட்டியைத் துடைத்து அடுக்கினேன்.

ஜூலை 3, புதன்

சிறு தூறல், ஐந்து நிமிடம். தரைகூட நனையவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் அறிக்கை கொடுத்தேன். இரண்டு வரி. மோதலுக்கு முன் வாகனத்தில் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. பிரேக், ஸ்டெபிலிட்டி இரண்டும் இயங்கும் நிலையில் இருந்தன. மெஷின் பக்கத்தையும் பின்னால் இணைத்தேன், மறைக்கவில்லை. அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிரேக் வரியில் நின்றார்.

"தூங்கிட்டாராட்டம் இருக்குது. பண்ணைக்காரங்க வெடியக்காலம் எந்திரிச்சு இப்படித்தான் ஓட்டறாங்க."

என் முகத்தைப் பார்த்தார். நான் சும்மா இருந்தேன். தூக்கக் கலக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் புரிந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது.

ஷெட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது தனலட்சுமியின் போன். அறிக்கையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அந்த பிரேக் கணக்கு சரியாக எந்த நொடியுடையது என்று கேட்டார்.

சொன்னேன். வண்டி முதலில் ரோட்டு ஓரக் கல்லில் ஏறி, முன் இடது சக்கரம் பிய்ந்திருக்கிறது. அதோடு அந்த ஒயரும். முதல் எரர் அங்கேதான் பதிவானது. மெஷின் வைத்திருப்பது அந்த ஒரு நொடியை மட்டும்.

"கல்லுல இருந்து பாலத்துச் செவுரு எவ்வளவு தூரமுங்ணா?"

"இருவதடி இருக்குமுங்க."

"அந்த இருவதடிக்கு?"

"பதிவு இல்லைங்க."

அங்கே கோழிகள் கேட்டன.

"அப்ப, மிதிச்சிருக்கலாமுங்க" என்றார்.

"மிதிச்சிருக்கலாமுங்க" என்றேன்.